புள்ளி விழுந்த ஏழு குஞ்சுகள்

அன்புள்ள அத்தானுக்கு,

வணக்கம். இங்கே நானும் நீங்கள் கொடுத்த கறுப்புச் சேவலும் இப்போதைக்கு உயிரோடு இருக்கிறோம். அக்காவையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்லுங்கள். ஆனால் கடிதத்தை அக்கா கண்ணில் காட்டிவிடாதீர்கள்.

கீழே இருக்கும் வீட்டுக்காரம்மா வெள்ளைக் கோழி மட்டுமே வளர்ப்பவர் என்பது உங்களுக்குத் தெரியும். குடிவந்த அன்றே, சேவல் மாடியை விட்டு இறங்கினால் நாங்களும் இறங்க வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டார். இரண்டு மாதத்துக்கு முன் அவர் தங்கை வீட்டிலிருந்து ஒரு வெள்ளைச் சேவலை வரவழைத்தார். அது கூவிய கூவலில் நம்ம ஆளுக்கு ரோஷம் வந்துவிட்டது. நான் அச்சகத்துக்குப் போன பிறகு, ஒரு வாரம் தினமும் கீழே போய் வந்திருக்கிறான். மாடிக் கதவுக்குத் தாழ்ப்பாள் போட மறந்தவன் நான்தான். அந்தம்மா படியில் ஒரு கறுப்பு இறகைக் கண்டு கேட்டபோது, அவன் ஒரு படிகூட இறங்கவில்லை என்று சத்தியமே செய்துவிட்டேன். பையனுக்குப் பள்ளிக்கூடம் அடுத்த தெரு, என் பொண்டாட்டிக்கு இது ஏழாவது மாசம், இந்த நேரத்துல வீடு போச்சுன்னா நான் எங்க போவேன்?

அந்தம்மாவின் வெள்ளைக் கோழி அடைகாத்த மூன்று வாரமும் எனக்குச் சோறு இறங்கவில்லை. எதிர்வீட்டுக்காரர் பண்ணையில் குஞ்சு பொரிக்கும் வேலை பார்ப்பவர். அவரிடம் ஒரு நண்பருக்காக என்று சொல்லிக் கேட்டேன். சில குணங்களில் ஒன்று மற்றதை அமுக்கிவிடுமாம், அப்போது குஞ்செல்லாம் ஒரே நிறம். வெள்ளை ஜெயித்தால் தப்பித்தேன். சில வகையில் எதற்கும் முழு பலம் இருக்காதாம், இரண்டும் கலந்து சாம்பலாக வருமாம். வந்தால் அடுப்புப் புகைமேல் பழியைப் போட்டுவிடலாம் என்று தெம்பாக இருந்தேன். அப்புறம் என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்:

"சிலதுல ரெண்டுமே விட்டுக்குடுக்காது. ஒரு எறகு வெள்ளை, பக்கத்து எறகு கறுப்பு. அப்பன் யாரு, ஆத்தா யாருன்னு ஒடம்புலயே எழுதியிருக்கும். ஒங்க நண்பர வேற வீடு பாக்கச் சொல்லுங்க."

இறகு முளைத்துவிட்டது அத்தான். ஒன்பது குஞ்சில் இரண்டுதான் வெள்ளை. என் பக்கம் பேச அந்த இரண்டும்தான். மற்ற ஏழும் வெள்ளையும் கறுப்புமாக முற்றத்தில் சாட்சி சொல்லித் திரிகின்றன. இந்தப் புள்ளிக் குஞ்சுங்க வளர்ந்து ரெண்டு ஒண்ணு சேர்ந்தா நாலுக்கு ஒண்ணு முழுக் கறுப்பாவே வருமாம். அப்ப எத்தனை தலைமுறைக்கு நான் பயந்து சாகறது? அந்தம்மா திட்டினால்கூடத் தேவலை. தினமும் காலையில் குஞ்சைப் பார்க்கிறார், பிறகு மாடிப்படியைப் பார்க்கிறார், உள்ளே போய்விடுகிறார். ஞாயிற்றுக்கிழமை மூடி போட்ட கூடையோடு வந்து இவனை அழைத்துப் போய்விடுங்கள்.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். பெரியவர்களுக்கு என் வணக்கம், குழந்தைகளுக்கு முத்தம்.

இப்படிக்கு,
உங்கள் மைத்துனன்

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் அந்தம்மா மேலே வந்துவிட்டார். இவ்வளவு அழகான குஞ்சுகள் தன் கூட்டில் பிறந்ததே இல்லையாம், சேவல் இங்கேயே இருக்க வேண்டுமாம். எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. எழுந்து போகும்போது வாசலில் நின்று சொன்னார்: "குஞ்சுங்க எதையும் மறைக்கல தம்பி. நீங்கதான் மறைச்சீங்க. புள்ள பொறந்து மூணு மாசம் இருங்க, அப்புறம் வேற வீடு பாத்துக்குங்க." ஆகவே கூடை வேண்டாம். அப்போது சாமான் ஏற்றுகிற வண்டியோடு வாருங்கள். சேவல் வரவில்லை.