சீதன வீடும் சிங்காரப் பூங்காவும்

கல்முனைக்குத் தெற்கே ஒரு சின்னப் பட்டினசபை. அதன் சேர்மன் அப்துல் ஹமீட் ஹாஜியார் ஒரு தடவை கொழும்புக்குப் போய்வந்தார். போகும்போது நல்ல சுகத்தோடுதான் போனார். வரும்போது பூங்கா ஆசையைப் பிடித்துக்கொண்டு வந்தார். இயற்கை வேணும், சரித்திரம் வேணும், குடும்பங்கள் பார்த்துக் களிக்கவும் ஏதாவது வேணும்; இந்த மூன்றும் இல்லாத பட்டினம் பட்டினமல்ல என்று சபையில் அடித்துச் சொன்னார். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறிற்று.

இயற்கையை உண்டாக்குவதற்காகக் கடற்கரையோரம் நின்ற தென்னைகளையும் புன்னைகளையும் முதலில் வெட்டித் தள்ளினார்கள். வெட்டிய இடத்தில் கொழும்பிலிருந்து லொறியில் வந்த கன்றுகளை நட்டு, 'மரங்களைத் தொடாதீர்' என்று பலகை வைத்தார்கள். பிறகு சரித்திரம் தேடினார்கள். அகப்பட்டது கச்சிமுகம்மது குடியிருந்த எண்பது வருடத்துக் கல்வீடு. அவர் சவளக்கடை வயல்வெளியில் வேளாண்மை செய்கிற மனிசன். பெண்சாதி சபியா உம்மா. கலியாணம் பேசி முடித்த ஒரே மகள் றுகையா. சரித்திரத்தை இடிப்பது குற்றம் என்பதால் வீட்டை விட்டுவிட்டு, சுற்றிவர முள்ளுக்கம்பி அடித்துக் கேற்றுப் போட்டார்கள்.

வீட்டுக்குள் ஆட்களும் இருந்தபடியால் குடும்ப அம்சமும் செலவில்லாமல் வந்து சேர்ந்தது. முற்றத்தில், 'நெல் அவிக்கும் குடும்பம், காலை எட்டு முதல் பத்து வரை' என்று இன்னொரு பலகை. சபியா உம்மா ஒரு நாள் தலையிடி என்று படுத்துவிட்டா. அன்றைக்கே சபைக்கு மூன்று முறைப்பாடு போனது.

அதோடு விட்டார்களா? பதிவு எடுக்கக் கிளாக்கர் கனகரெத்தினம் வந்தார்.

"ஊடு ஆர்ட பேரில?"

"என்ட பொஞ்சாதிட பேரில. அவட சீதனம். நாளைக்கு றுகையாக்கு."

"அப்ப நீங்க?"

"நான் கலியாணம் முடிச்சி இஞ்ச வந்து இரிக்கன்."

இந்தக் கரையில் எந்த ஆம்பிளையைக் கேட்டாலும் சொல்லுகிற பதில் இது. வெட்கப்பட ஒன்றுமில்லை, பெருமையாகவே சொல்லுவான். ஆனால் கிளாக்கரின் படிவத்தில் இரண்டே இரண்டு கட்டம்தான் இருந்தது. ஒன்று உரிமையாளர், மற்றது பார்வையாளர். உரிமையாளர் இல்லாதவரை அவர் எங்கே கொண்டுபோய் எழுதுவார், பாவம்? இரண்டாவது கட்டத்தில் எழுதினார்.

பூங்கா விதி எட்டின்படி பார்வையாளர்கள் பின்னேரம் ஆறு மணிக்கு வெளியேற வேண்டும். அன்றைக்கு மணி அடித்ததும் காவல்காரன் வாசலில் வந்து நின்று, அண்ணன் முறை வைத்து மரியாதையாகக் கூப்பிட்டான்.

"காக்கா, எழும்புங்க."

"சோறு திண்டுக்கிட்டு இரிக்கன்டா."

"சோத்தக் கொண்டு போங்க. கோப்பை சரித்திரச் சாமான், வெச்சிட்டுப் போங்க."

கச்சிமுகம்மது வாழையிலையில் சோற்றைக் கட்டிக்கொண்டு பள்ளிவாசல் விறாந்தைக்குப் போனார். அவர் பொறுமைசாலி; அதையும் பொறுத்திருப்பார். ஆனால் நாலாம் நாள் மாப்பிள்ளையின் வாப்பா மீராசாஹிபு வந்து கேற்றடியில் நின்றார்.

"மச்சான், கலியாணம் முடிச்சா என்ட மகன் ஜெமீலும் பார்வையாளராமே?"

"ஓம்... அப்பிடித்தான் சொல்றாங்க."

"பகல் முழுக்க அவன் வயல்ல. பின்னேரம் ஆறு மணிக்குத்தான் ஊட்ட வருவான். ஆறு மணிக்கு வெளிய போகணும் எண்டா, அவன் எப்பத்தான் குடும்பம் நடத்துற? இது சரிவராது மச்சான். வேற இடம் பார்க்கப் போறன்."

றுகையா அதைக் கேட்டுவிட்டுச் சோறு தண்ணி இல்லாமல் படுத்துவிட்டாள். கச்சிமுகம்மது சாரத்தை மடித்துக் கட்டினார். நேரே சபைக் கந்தோருக்குப் போனார்.

"ஹாஜியார், நீங்க இரிக்கிற ஊடு ஆர்ட?"

சேர்மன் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "என்ட பொஞ்சாதி ஆயிஷா உம்மாட. அவட சீதனம்தானே."

"கிளாக்கர் ஐயா இரிக்கிறது?"

"மனிசிட வீட்டில" என்றார் கனகரெத்தினம், பேனையைப் பார்த்துக்கொண்டு.

"மெம்பர்மாரும் அப்பிடித்தான். அப்ப நாம எல்லாரும் ஒண்டு. நான் மட்டும் ஏன் வெளிய படுக்கணும்?"

சேர்மன் விதிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். என்னதான் சொன்னாலும் அவர் நீதிமான். "நீங்க சொல்றது நூத்துக்கு நூறு நியாயம். சட்டம் எல்லாருக்கும் ஒண்டாத்தான் இரிக்கணும்" என்றார். கச்சிமுகம்மதுக்கு நெஞ்சு குளிர்ந்தது. கம்பி வேலியைப் பிடுங்கிவிடுவார்கள் என்று சபியா உம்மாவிடமும் போய்ச் சொன்னார்.

அடுத்த கிழமை பிடுங்கத்தான் செய்தார்கள். பிடுங்கி, கேற்றையும் சேர்த்துக் கொண்டுபோய் ஊர் எல்லையில் அடித்தார்கள். பட்டினம் முழுவதும் இத்தால் பூங்காவாகப் பிரகடனம் செய்யப்படுகிறது என்றும், சீதன வீட்டில் இருக்கும் சகல ஆண்களும் பாரபட்சமின்றிப் பார்வையாளர்களாகக் கொள்ளப்படுவர் என்றும் விளம்பரம் ஒட்டினார்கள். உம்மா வீட்டுக்குப் போய்ப் படுப்போம் என்று சிலர் ஓடிப் பார்த்தார்கள். உம்மா வீட்டை எப்போதோ தங்கச்சிக்குச் சீதனமாகக் கொடுத்தாயிற்று. சொந்த ஊர் என்று நெஞ்சை நிமிர்த்தித் திரிந்த ஆம்பிளைகள் ஒருவருக்கும் அங்கே படுக்க ஒரு பாய் அகலம் இல்லை.

மறுநாளே மீராசாஹிபு திரும்பி வந்தார்.

"இனி எந்த ஊட்டுல கட்டிக் குடுத்தாலும் என்ட மகன் ஆறு மணிக்கு வெளியதான். அப்ப றுகையாக்கு என்ன குறை? நாளைக் குறிங்க மச்சான்."

வியாழக்கிழமை பின்னேரம் அசறுத் தொழுகைக்குப் பிறகு நிக்காஹ் நடந்தது. சாப்பாடு பரிமாறத் தொடங்கும்போது மணி அடித்தது. மாப்பிள்ளை, வாப்பாமார், நிக்காஹ் நடத்திய லெப்பை, சேர்மன், மெம்பர்மார், கிளாக்கர் என்று ஆம்பிளைகள் எல்லாரும் ஒழுங்காக வரிசையில் ஊர் எல்லைக்கு வெளியே போனார்கள். காவல்காரன் தானும் வெளியே வந்து கேற்றைப் பூட்டினான். உள்ளே பெண்கள் புரியாணி குவித்த பெரிய சஹன் தட்டைச் சுற்றி ஆறுதலாகக் குந்தினார்கள்.

"இலங்கையில இவ்வளவு பெரிய பூங்கா எங்கயும் இல்ல" என்றார் சேர்மன், மணலில் துண்டை விரித்தபடி.

புது மாப்பிள்ளை ஜெமீல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். "ஹாஜியார், இந்த விதிய மாத்த ஏலாதா?"

"ஏன் ஏலாது? சபை கூடினா ஒரு நிமிசத்து வேலை."

"சபை எங்க கூடும்?"

"ஊருக்கு நடுவில, சபை மண்டபத்தில. பின்னேரம் ஏழு மணிக்கு."

"அந்த நேரத்த மாத்தினா என்ன?"

"மாத்தலாம் மகன்" என்றார் சேர்மன். "அதுக்கும் சபை கூடணும்."