நாலு மணி வெடியும் என் மருத்துவச் சான்றும்

சிவகாசி,
18.9.2007

மதிப்புமிக்க மாப்பிள்ளை சங்கரபாண்டியனுக்கு, உங்கள் அக்காள் ராமுத்தாயின் கணவன் சோணைமுத்து எழுதுவது. இவ்விடம் காது நீங்கலாக அனைவரும் நலம். உங்கள் குடும்பமும், நீங்கள் போர்மேனாக இருக்கும் பட்டாசுக் கம்பெனியும் நலமாக இருக்க வேண்டும் என்று எழுதுவது முறை, எழுதிவிட்டேன். வேலிக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்குத் தபால் எதற்கு என்பீர்கள். நேரில் வந்தால் காபி கொடுத்துப் பேச்சை மாற்றிவிடுகிறீர்கள்.

தினமும் நாலு மணிக்கு என் கொல்லைக்குப் பின்னால் வெடித்துப் பார்க்கிறீர்கள். போன திங்கட்கிழமை மட்டும் நாற்பத்தொன்று, எண்ணினேன். ஓயாத சத்தத்தில் இருப்பவர்களுக்குப் பிற்காலத்தில் மறதி நோய் வரக்கூடும் என்று பத்திரிகையில் ஒரு டாக்டர் எழுதியிருக்கிறார். எம்.ஏ. படித்துவிட்டுக் காலண்டர் அச்சகத்தில் பிழை திருத்தும் எனக்கு மிஞ்சியிருப்பது ஞாபகம் ஒன்றுதான். என் கல்யாணப் பந்தியில் எனக்கு மட்டும் அப்பளம் வைக்காமல் நகர்ந்தது நீங்கள் என்பது உட்பட எல்லாம் அதில்தான் இருக்கிறது. அது போய்விட்டால் உங்களையெல்லாம் மன்னிக்கும்படி ஆகிவிடும். அந்தப் பயத்தில்தான் சோதனையை வேறு இடத்துக்கு மாற்றச் சொல்லி உங்கள் மேனேஜரிடம் மனுக் கொடுத்தேன். அவர் டாக்டர் சான்று கேட்டார். சரி என்று விருதுநகருக்குப் பஸ் ஏறினேன். சீசன் நேரம், சும்மா உட்கார முடியுமா, போகிற வழியெல்லாம் அடுத்த வருஷத் தேதித் தாளைத் திருத்திக்கொண்டே போனேன். ஆடிப்பெருக்குக்குப் பிறகு எங்கள் அச்சகத்தில் நடப்பு வருஷத்தை யார் பார்க்கிறார்கள்?

டாக்டர் சின்னப் பையன். "இது என்ன வருஷம்யா?" என்றார். "ரெண்டாயிரத்து எட்டு" என்றேன். "தீபாவளி எப்ப வருது?" "அக்டோபர் இருபத்தேழு, திங்கட்கிழமை." சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "கூட யாரும் வந்திருக்காகளா?" என்று மெதுவாகக் கேட்டார். நான் விளக்க விளக்க அவர் எழுதிக்கொண்டே போனார். 'நினைவாற்றல் குறைவு' என்று சான்று கிடைத்தது. வருத்தமாகத்தான் இருந்தது, ஆனால் ஜெயித்துவிட்டேன் என்று உங்கள் கம்பெனிக்கு ஓடி வந்தேன். நீங்கள் என்ன செய்தீர்கள்? அதை மேனேஜருக்கு உரக்கப் படித்துக் காட்டி, "என்ன வருசம்னே தெரியாத மனுசன் நாப்பத்தோரு வெடியை எப்படி சார் எண்ணியிருப்பாக? மச்சான், வாங்க, காபி சாப்பிடுவோம்" என்றீர்கள். காபியையும் குடித்துத் தொலைத்தேன். வீட்டில் உங்கள் அக்காள், "அம்புட்டு படிச்சும் இப்படிச் சொல்லிட்டு வந்து நிக்கீகளே! எந்தம்பி எட்டாப்பு, கேட்டா டாண்ணு சொல்லியிருப்பான்" என்கிறாள்.

ஆகவே கடைசியாகச் சொல்கிறேன். சோதனையை மாற்றாவிட்டால் மேலே எழுதுவேன். உங்கள் வீட்டுப் படி மிதிக்க மாட்டேன். பிள்ளைகளுக்கு என் ஆசிகள். உங்களுக்கு நல்ல புத்தி உண்டாகட்டும்.

இப்படிக்கு,
மு. சோணைமுத்து, எம்.ஏ.

பி.கு.: ஐப்பசியில் என் மகள் வேல்விழிக்கு நிச்சயம். மாப்பிள்ளை வீட்டார் மல்லாங்கிணறு. அவர்கள் மூத்தவன் கல்யாணத்தில் வெடித்த சரவெடி அடங்கக் கால்மணி நேரம் ஆனதாம். நாம் குறைந்துபோகக் கூடாது. இருப்பதிலேயே சத்தம் கூடிய ரகமாகப் பத்துப் பெட்டி எடுத்துவைக்கவும். ஒன்றுகூட நமுத்துப்போய்ச் சபையில் தலை குனியும்படி ஆகிவிடக் கூடாது. எல்லா ரகத்தையும் நன்றாக வெடித்துப் பார்த்துவிடவும். என் கொல்லைக்குப் பின்னால் என்றால் நானே கூட நின்று கேட்டுக்கொள்வேன்.