ஆராய்ஞ்சு நாளைக்குச் சொல்லுறன்

"மிஸ், இது என்ன வருத்தம்?"

மார்க்கண்டு வெங்காயச் செடியொன்றைப் பிடுங்கி றொசாந்தியின் மூக்குக்கு நேரே நீட்டினார். இலைகள் முறுக்கிப் பிழிந்த துணிபோலத் திருகிக் கிடந்தன.

றொசாந்தி செடியை வாங்கினாள். திருப்பினாள். முகர்ந்தாள். மீன்பிடி ஊரான குருநகரில் அவள் வீட்டில் எதையும் முகர்ந்து பார்த்துத்தான் நல்லதா பழுதா என்று சொல்வார்கள். வெங்காயம் வெங்காயமாகவே மணத்தது.

விவசாயப் போதனாசிரியராக அவள் உரும்பிராய்க்கு வந்து அன்றைக்கு ஒன்பதாம் நாள். பல்கலைக்கழகத்தில் நான்கு வருடம் விவசாயம் படித்தவள். இந்த நோயின் படம் இருந்த பக்கம் நினைவில் வந்தது. அந்தப் பக்கத்தின் மூலையில் தேத்தண்ணிக் கறை இருந்ததும் வந்தது. நோயின் பெயர்தான் வரவில்லை.

தண்ணீர் கூடிப்போயிருக்கலாம் என்று ஓர் எண்ணம் வந்தது. வந்த வேகத்திலேயே அதை விரட்டினாள். நாற்பது வருடம் தோட்டம் செய்த மனிதரிடம், உங்களுக்குத் தண்ணீர் விடத் தெரியாது என்று எந்த முகத்தோடு சொல்வது?

"ஆராய்ஞ்சு நாளைக்குச் சொல்லுறன், ஐயா."

மார்க்கண்டு இடது காதைச் சொறிந்தார். "நாளைக்கோ? இப்ப சொல்லமாட்டியளோ?"

"இல்லை ஐயா. ஆராயோணும்."

"நல்லது மிஸ்! மெத்தச் சந்தோசம்!"

ஏன் இவ்வளவு சந்தோசம் என்று யோசிக்கும் நிலையில் அவள் இருக்கவில்லை. ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு விவசாயத் திணைக்களக் கந்தோருக்குப் பறந்தாள்.

கந்தோரில் எழுதுவினைஞர் ஸ்ரெல்லா, நெல்லியடியிலிருந்து பஸ்ஸில் வந்த களைப்பு ஆறாமல் விசிறிக் கொண்டிருந்தாள்.

"அக்கா, நான் பிழையா வந்த ஆள். நியமனப் பட்டியலிலை கடைசிப் பேர் என்ரை. ஆரோ ரைப் பண்ணேக்கை கைதவறிச் சேத்திருக்கினம்."

"ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. எனக்குத் தெரியும்."

"தெரியாத விசயத்தை விட்டிட்டு இதை மட்டும் வடிவாத் தெரிஞ்சு வைச்சிருக்கிறீர்."

றொசாந்தி கைப்பையைத் திறந்து ஒரு கடிதத்தைக் காட்டினாள். ராஜினாமா. திகதி மட்டும் போடவில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல்நாளே எழுதி வைத்தது. தகுதிகாண் காலம் முடியுமட்டும் அவளை எப்போது வேண்டுமானாலும் வீட்டுக்கு அனுப்பலாம். அவர்கள் பிடித்து அனுப்ப முன்னம் தானாகப் போவது மரியாதை. ஆனால் அம்மா லூர்த்தம்மா, மகள் 'பயிர் டொக்டர்' என்று தேவாலயப் பங்கு முழுக்கச் சொல்லிவிட்டார். ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தால் வாடிப்போன ரோசாக் கன்றுகளோடு நான்கு பேர் காத்து நிற்கிறார்கள்.

"உள்ளை வையும் அதை," என்றாள் ஸ்ரெல்லா. "தெரியாட்டில் தெரிஞ்ச ஆளைக் கேளும். மார்க்கண்டருக்கு வேலிக்கு அங்காலை செல்வரட்ணம் எண்டு ஒருத்தர். நல்ல தோட்டக்காரன்."

"அவர் போய் மார்க்கண்டு ஐயாட்டைச் சொல்லிப்போட்டால்?"

"சொல்லமாட்டார். ரெண்டு பேருக்கும் கதை பேச்சில்லை. வேலிக்குக் கதியால் தடி நடேக்கை அரை அடி தள்ளிப்போச்செண்டு சண்டை. ஒன்பது வருசம்."

றொசாந்திக்கு மாதாவே நேரில் வந்து வழிகாட்டியதுபோல இருந்தது. இதைவிடப் பாதுகாப்பான ஆள் வேறு எங்கே கிடைப்பார்?

இரண்டு தோட்டத்துக்கும் நடுவில் தகர வேலி. ஒரு பக்கத்திலிருந்து மற்றப் பக்கத்துக்குப் போக ஒழுங்கையால் சுற்றி, பிரதான வீதிக்கு ஏறி, திரும்ப இறங்க வேண்டும். ஸ்கூட்டியில் ஐந்து நிமிடம். செல்வரட்ணம் வேலியோரமாகவே நின்றார். அந்த இடத்தில் பயிர் எதுவும் இல்லை.

"ஐயா, சும்மா ஒரு கணக்கெடுப்பு. வெங்காயத்திலை இலை திருகினால்..."

கேள்வி முடியவில்லை. பதில் வந்துவிட்டது.

"தண்ணியைக் குறைக்கச் சொல்லுங்கோ. பின்னேரத்திலை இறைக்க வேண்டாம் எண்டு சொல்லுங்கோ. காலமை இறைக்கட்டாம். திருகினதைப் பிடுங்கி எரிக்கட்டாம்."

என்ன அனுபவம், என்று வியந்துகொண்டே எழுதினாள். 'சொல்லுங்கோ' என்பதையும் சேர்த்தே எழுதினாள்.

அடுத்தநாள் மார்க்கண்டு ஒவ்வொரு சொல்லையும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "திரும்ப ஒருக்காச் சொல்லுங்கோ மிஸ்," என்றார். சொன்னாள். "காலமை இறைக்கட்டாமோ... ம்." இரண்டு கிழமையில் வெங்காயம் நிமிர்ந்துவிட்டது.

அந்தக் கிழமையே செல்வரட்ணம் அவளை மறித்தார்.

"மிஸ், என்ரை கத்தரியிலை குருத்து வாடுது. புழு. என்ன செய்யலாம்?"

குருத்தைக் கிள்ளி எரிக்க வேண்டும் என்று அவளுடைய வாய் வரைக்கும் வந்தது. ஆனால் இவர்தான் வெங்காயத்தின் வருத்தத்தை மாற்றிய மேதை. இவருக்கே தெரியாதென்றால் விசயம் பெரிது.

"ஆராய்ஞ்சு நாளைக்குச் சொல்லுறன், ஐயா."

செல்வரட்ணத்தின் முகம் மலர்ந்தது. "நாளைக்குத்தான் சொல்லோணும்! அவசரப்படாதேங்கோ!"

சுற்றிப் போய் மார்க்கண்டுவைக் கேட்டாள். மார்க்கண்டு வேலியைப் பார்த்து, கொஞ்சம் உரத்த குரலில் பதில் சொன்னார்.

"வாடின குருத்தை நுள்ளி எரிக்கோணும். நுள்ளி நிலத்திலை போட்டால் திரும்ப ஏறும். உவர் எரிக்கமாட்டார். சின்னனிலையிருந்தே உந்தச் சோம்பல்!"

றொசாந்தி எழுதினாள்: 'புழு சின்னனிலேயே சோம்பலானது.' புத்தகத்தில் இல்லாத தகவல். அடிக்கோடு போட்டாள்.

இப்படியே போனது. இஞ்சாலைக் கேள்விக்கு அங்காலைப் பதில். அங்காலைக் கேள்விக்கு இஞ்சாலைப் பதில். ஸ்கூட்டிக்குப் பெற்றோல் அடித்து மாளவில்லை. உரும்பிராயில் ஒரு பேச்சுக் கிளம்பியது: புது மிஸ் மற்ற ஆக்களைப்போல வாயில் வந்ததைச் சொல்லமாட்டா. ஆராய்ஞ்சுதான் சொல்லுவா.

பேர் பெருகப் பெருக, கைப்பையிலிருந்த கடிதத்தை அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொண்டாள். ஒரு பதிலாவது தன்னுடையதாக இருக்கட்டும் என்று ஒருநாள் முடிவெடுத்தாள். அன்றைக்கு மார்க்கண்டு வாழைக்கு உரம் போடுவதைப் பற்றிக் கேட்டார். அவள் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, படித்ததை அப்படியே ஒப்புவித்தாள். எவ்வளவு, எப்போது, அடியோடு போடாமல் எவ்வளவு தள்ளி, எப்படி வட்டமாக. எல்லாம்.

மார்க்கண்டுவின் முகம் விழுந்துவிட்டது.

"உது... சரி மிஸ்." காதைச் சொறிந்தார். "எண்டாலும் ஆராய்ஞ்சு நாளைக்கு வந்து சொல்லுங்கோவன்."

அன்றைக்கு அவள் அழுதுகொண்டே ஸ்கூட்டி ஓட்டினாள். தலைக்கவசக் கண்ணாடி உள்ளுக்குள் நனைந்தது. பார்த்தியா, என்றது மனது. நீயாக வாய் திறந்தால் இதுதான் நடக்கும்.

இனி உரும்பிராய்ப் பக்கமே போவதில்லை என்று கோப்பாயில் நாளைக் கழித்தாள். மூன்றாம் நாள் கந்தோர்த் தொலைபேசி அடித்தது.

"ரெண்டு பேர் கோல் எடுத்தவை," என்றாள் ஸ்ரெல்லா, றொசாந்தி திரும்பி வந்ததும். "பத்து நிமிசத்துக்குள்ளை. ஒரே கேள்வி. மிஸ்ஸுக்கு என்ன, ஏன் வரேல்லை? நான் மறுமொழி சொல்லியிருந்தால் பரவாயில்லை. போனைத் தூக்கினது பெரிய மிஸ்."

உதவிப் பணிப்பாளர் ஆரணிதான் அந்தப் பெரிய மிஸ். றொசாந்தியைக் கூப்பிட்டார்.

"பதினாலு வருசச் சேவையிலை, போதனாசிரியரைக் காணேல்லை எண்டு விவசாயி தேடி எடுத்ததை நான் இப்பத்தான் கேக்கிறன். அங்கையே வயல் விழா வைக்கிறம். ரெண்டு தோட்டத்திலையும். முப்பது விவசாயிகளைக் கூப்பிடுறம். நீர்தான் பேசவேணும்."

"மிஸ், ஒரு தோட்டம் காணும்தானே..."

"வேலியிலை ரெண்டு தகரத்தைக் கழட்டினால் ரெண்டு பக்கமும் தெரியும். மார்க்கண்டரும் செல்வரட்ணமும் பக்கத்திலை நிண்டு, நீர் சொன்னதை என்னென்ன மாதிரிச் செய்தவை எண்டு சொல்லட்டும்."

இரண்டு பேரும் பக்கத்தில் நிற்பார்கள். இரண்டு பேரும் சொல்வார்கள். ஒருவர் சொன்னதை மற்றவர் கேட்பார்.

தகரம் கழற்ற இருவரும் மறுப்பார்கள் என்று றொசாந்திக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. அரை அடிக்கு ஒன்பது வருடம் சண்டை பிடித்தவர்கள் அல்லவா? கேட்டுப் பார்த்தாள்.

"அரசாங்க அலுவல் எண்டால் என்ன செய்யிறது மிஸ், கழட்டத்தானே வேணும்," என்றார் மார்க்கண்டு.

"ரெண்டு தகரம் காணுமோ மிஸ்? வெளிச்சம் காணாட்டில் நாலைக் கழட்டலாம்," என்றார் செல்வரட்ணம்.

சரி, நேரத்தை மாற்றலாம் என்று மார்க்கண்டுவை ஒன்பது மணிக்கும் செல்வரட்ணத்தைப் பதினொன்றுக்கும் வரச்சொன்னாள். அவள் புறப்படும்போது செல்வரட்ணம் மெதுவாகக் கேட்டார்.

"மிஸ், ஒரு கேள்வி. நெஞ்சு நோவெண்டு கிளினிக்குக்குப் போன ஆள் மண்வெட்டி பிடிக்கலாமோ?"

இது எந்தப் பாடத்தில் வருகிறதென்று அவளுக்குத் தெரியவில்லை. தெரியாதது இன்னுமொன்று. வழக்கம்போலச் சுற்றிப் போய்க் கேட்டாள்.

மார்க்கண்டு வேலிக்குக் கிட்டப் போனார். பிறகு உரக்கச் சொன்னார். "பிடிக்கலாமாம். வெறும் வாய்வாம். டொக்டர் பாத்துச் சொல்லிப்போட்டாராம். யோசிக்க வேண்டாமாம்."

எழுதிக்கொண்டாள். போய்ச் சொன்னாள். செல்வரட்ணம் சால்வையால் முகத்தைத் துடைத்தார். வெயில்தான், என்று அவள் நினைத்தாள்.

வயல் விழா அன்று எட்டு மணிக்கே இரண்டு பேரும் வந்துவிட்டார்கள். வெள்ளை வேட்டி, தோய்த்து மினுக்கிய சேட். கழற்றிய தகரத்தின் இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். ஒருவரையொருவர் பார்க்காமல் நேரே பார்த்துக்கொண்டு நின்றார்கள். முப்பது பேர் கதிரைகளில். ஆரணி முன்வரிசையில். ஸ்ரெல்லா வெய்யிலுக்குக் கோப்பு ஒன்றைத் தலையில் பிடித்தபடி.

றொசாந்தி ஒலிவாங்கியைப் பிடித்தாள். தயாரித்துவந்த பேச்சில் மூன்று வரி வாசித்தாள். நாலாவது வரியில் 'எனது ஆலோசனையின் பேரில்' என்று இருந்தது.

தாளை மடித்தாள்.

"நான் ஒரு உண்மையைச் சொல்லோணும். எனக்கு ஒண்டும் தெரியாது. மார்க்கண்டு ஐயா கேட்டதெல்லாத்தையும் செல்வரட்ணம் ஐயாட்டைக் கேட்டுத்தான் சொன்னனான். செல்வரட்ணம் ஐயா கேட்டதை மார்க்கண்டு ஐயாட்டை. வாழைக்கு மட்டும் நானாச் சொன்னனான். அதை ஐயா ஏற்கேல்லை. நான் இந்த வேலைக்குச் சரியான ஆள் இல்லை."

கைப்பையிலிருந்த கடிதத்தை எடுத்து ஆரணியிடம் நீட்டினாள். ஆரணி கடிதத்தை வாசித்தார். திருப்பிப் பார்த்தார்.

"திகதி போடேல்லை. இது செல்லாது," என்று திருப்பிக் கொடுத்தார்.

"ஆர் சொன்னது நான் ஏற்கேல்லை எண்டு?" மார்க்கண்டுவுக்குக் கோபமே வந்துவிட்டது. "நீங்கள் சொன்னமாதிரித்தான் போட்டனான். அங்கை பாருங்கோ வாழையை! அளவு, தள்ளிப் போட்ட தூரம், எல்லாம் நீங்கள் சொன்ன கணக்கு. ஒரு பிழையில்லை."

"ஓம், சரியான கணக்கு," என்றார் செல்வரட்ணம் அந்தப் பக்கத்திலிருந்து. "எனக்குச் சொல்லாட்டிலும் நானும் அப்பிடித்தான் போட்டனான்."

றொசாந்திக்கு ஒன்றும் பிடிபடவில்லை. "அப்ப... வெங்காயம்?"

"தண்ணி கூடிப்போச்செண்டு எனக்குத் தெரியாதே மிஸ்? தோட்டத்துக்குள்ளை பிறந்து வளந்தனான்."

"கத்தரிப் புழு?"

செல்வரட்ணம் சிரித்தார். "குருத்து நுள்ளத் தெரியாதவன் உரும்பிராயிலை இருக்கேலுமோ?"

"பிறகேன் ஐயா என்னட்டைக் கேட்டனியள்? வாழைக்குச் சரியாத்தானே சொன்னனான், பிறகும் ஏன் நாளைக்கு வரச் சொன்னனியள்?"

மார்க்கண்டு கால் பெருவிரலைப் பார்த்தார். செல்வரட்ணம் வானத்தைப் பார்த்தார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் இடது காதைச் சொறிந்தார்கள்.

தேத்தண்ணித் தட்டோடு வந்த மார்க்கண்டுவின் மனைவி, முன்வரிசையைத் தாண்டி, கழற்றிய தகரத்தின் ஊடாக நேரே அந்தப் பக்கம் போனாள். முதல் கோப்பையைச் செல்வரட்ணத்தின் கையில் வைத்தாள். பிறகு திரும்பி றொசாந்தியைப் பார்த்தாள்.

"உங்களுக்கு முதல் வந்த மூண்டு பேருக்கும் எல்லாம் தெரியும் மிஸ், கேட்ட கையோடை பதிலைச் சொல்லிப்போட்டுப் போயிடுவினம், அதாலைதான் இந்த அண்ணனும் தம்பியும் ஒன்பது வருசமா ஒரு கதையும் இல்லாமல் இருந்தவை."