மீன்தொட்டி அமானிதம்

மூன்றாம் நாளும் போட்ட தீனி போட்டபடியே மிதந்தது. அபூதாஹிர் கதிரையை இழுத்து மீன்தொட்டியின் முன்னால் போட்டு உட்கார்ந்தார். துறைமுகத்தில் முப்பது வருடம் கிரேன் ஓட்டியபோதுகூட அவருக்கு நெஞ்சு இப்படி அடித்ததில்லை.

அவருடைய மனைவி நஜ்முன் நிஸா மக்காவுக்கு உம்றா யாத்திரை புறப்பட்டபோது, வேனில் ஒரு காலை வைத்துக்கொண்டு சொன்னது இதுதான்: "தொட்டி ஒங்களுக்கு அமானிதம். நான் வரக்குள்ள அப்படியே இருக்கோணும்."

அமானிதம்! நம்பி ஒப்படைத்த பொருளுக்கு மறுமையில் பதில் சொல்ல வேண்டும். அதற்கு முன் இம்மையில் நிஸாவுக்குப் பதில் சொல்ல வேண்டும். அவளுடைய லவ்பேர்ட்ஸ் இரண்டும் இவர் பார்வையில்தான் செத்துப்போயின. அதற்குப் பிறகு அவள் நம்பித் தந்தது இது ஒன்றுதான். இந்தத் தடவையாவது நல்ல பேர் எடுக்க வேண்டும் என்று மனிதர் உண்மையாகவே ஆசைப்பட்டார்.

தொட்டியின் மேலே முழுக்க ஆகாயத்தாமரை. சின்னச் சின்ன முட்டைக்கோஸ் மாதிரி இலைகள், கீழே தாடி தாடியாக வேர். செடி மூடாமல் நடுவில் கொஞ்சம் இடம் கிடைக்கட்டும் என்று நிஸா பிளாஸ்டிக் குழாயை வட்டமாக ஒட்டி மிதக்கவிட்டிருந்தாள். அந்த வட்டத்துக்குள்தான் அவர் தீனி போட்டார். இருந்தது ஒரே ஒரு தங்கமீன். அதைத்தான் காணவில்லை.

வளர்ப்பு மீன் கடை டினேஷுக்குப் போன் எடுத்தார்.

"வேருக்குள்ள ஒளிச்சிருக்கும், நானா. தீனியைக் கொஞ்சம் கூட்டிப் போடுங்கோ."

கூட்டிப் போட்டார். தண்ணீர் கஞ்சியாகக் கலங்கியது.

"அப்ப தண்ணியை மாத்துங்கோ."

வாளி வாளியாகக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றினார். அடியில் கிடந்த மண் கிளம்பி, தொட்டி தேத்தண்ணி நிறமாகிவிட்டது.

மக்காவிலிருந்து நிஸா பேசினாள். "தொட்டி எப்படி?"

"அல்ஹம்துலில்லாஹ், நல்லா இருக்கு. நீ தொழுகை, அமலைப் பாரு."

கஃபாவுக்குப் பக்கத்தில் இருப்பவளிடம் பொய்! அவர் உடனே மறுபடியும் டினேஷைக் கூப்பிட்டார்.

"செடி மூடினா மீனுக்கு மூச்சு முட்டும், நானா. பாதியை அள்ளுங்கோ."

பாதியை அள்ளினார். மீன் வரவில்லை. மிச்சத்தையும் அள்ளி, ஒவ்வொரு வேராக உதறிப் பார்த்து முற்றத்தில் எறிந்தார். பக்கத்து வீட்டு ஆடு வந்து ஓர் இலைகூட மிச்சம் வைக்காமல் தின்றது.

"தின்னு. ஒனக்காவது பசிக்குதே" என்றார் மனம் நொந்து.

பதினாலாம் நாள், நிஸா திரும்பி வரும் வேன் கந்தளாயைத் தாண்டிவிட்டதாகப் போன் வந்தது. அபூதாஹிர் கடைசி வழியாகத் தொட்டியையே கவிழ்த்தார். கல் விழுந்தது, மண் விழுந்தது, குழாய் வட்டம் விழுந்தது. மீன் விழவில்லை.

"இன்னா லில்லாஹி" என்று மவுத்துக்குச் சொல்வதை மீனுக்குச் சொன்னார். கண் கலங்கிவிட்டது. பாவம், அந்த மீனை அவர் ஒரு தடவைகூடச் சரியாகப் பார்த்ததில்லை.

அப்போது பக்கத்து வீட்டு பஸ்மியா மூடிய வாளியோடு உள்ளே வந்தாள். மூடியைத் திறந்தாள். உள்ளே தங்கமீன் கொழுகொழுவென்று நீந்தியது.

"நிஸா சாச்சி போகமுந்தியே இதை என்னட்டத் தந்திட்டுத்தான் போனவ, சாச்சா" என்றவள், வெறும் தொட்டியைப் பார்த்துத் திகைத்து நின்றாள். "செடியெல்லாம் எங்க? அது சும்மா தண்ணியில கிடந்தாலே வளரும், அதை ஒங்களாலயும் சாகடிக்க ஏலாதெண்டு நம்பித்தானே அவ ஒங்களிட்ட அமானிதமாத் தந்தவ!"