படுத்துக்கொள்ளும் ஏசி ஒன்று வேண்டி

அன்புள்ள மச்சானுக்கு அத்தான் எழுதுவது. இங்கே நானும் உன் அக்காவும் நலம். அதாவது, நான் நலம், உன் அக்கா பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறாள். அங்கே நீயும் தங்கச்சியும் நலமாகத்தான் இருப்பீர்கள், ஆனால் அந்த நலம் வெள்ளிக்கிழமை வரைதான். அதற்குள் உன் ஏசி கடையிலிருந்து படுக்கை வாக்கில் வைக்கிற உள் யூனிட் ஒன்று வந்து சேராவிட்டால், தையல் மிஷினும் கையுமாக உன் வீட்டில் வந்து இறங்கப்போவதாகச் சொல்லிவிட்டாள்.

எங்கள் வீட்டில் இருக்கிற ஒரே அலமாரி அறையில், வீடு முழுவதற்கும் காற்று அனுப்புகிற அந்தப் பழைய யூனிட் வீட்டு ஓனர் மாதிரி நின்றுகொண்டிருந்தது உனக்குத் தெரியும். நாங்கள் இருவரும் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே ஆளுக்கொரு மிஷினைப் போட்டு, முழங்கையோடு முழங்கை இடித்துக்கொண்டு தைக்கிறோம். நான் கத்தரியை நீட்டினால் அவள் நூல் அறுகிறது. போன மாதம் யூனிட் மண்டையைப் போட்டது, கழற்றி எடைக்குப் போட்டாயிற்று. புதிதாக வாங்குவதைப் படுக்க வைத்து பாத்ரூம் சீலிங்குக்கு மேலே ஏற்றிவிட்டால் அந்த அறை தனக்கு என்றாள். நானும் பெரிய மனதோடு வாக்குக் கொடுத்துவிட்டேன்.

உன்னிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் அத்தானுக்கு ஒன்றும் தெரியாது என்பாய் என்று இங்கேயே ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர் படித்துப் படித்துச் சொன்னார். நிற்கிற யூனிட்டைச் சும்மா சாய்த்துப் போட்டால் தண்ணீர் வீட்டுக்குள் கொட்டும், படுப்பதற்கென்றே செய்ததை வாங்குங்கள், தண்ணீர்க் குழாய்க்குச் சரிவு வேண்டும், ஒழுகினால் பிடிக்க அடியில் இன்னொரு தட்டு வேண்டும், ஃபில்டரை உருவக் கை நுழைய வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலே உயரத்தைச் சரியாக அளந்து வாருங்கள் என்றார். முப்பது வருஷமாக ஊரார் இடுப்பை அளந்தவனிடமா இந்தப் பேச்சு? நம் தொழிலில் ட்ரையல் பார்க்காமல் எதையும் கொடுப்பதில்லை. அதனால் கேட்லாக்கில் இருந்த அளவுக்கு ஒரு யூனிட்டைத் துணியிலேயே தைத்தேன். உள்ளே வெட்டுத்துணி அடைத்து, மூலைக்குக் கேன்வாஸ் கொடுத்து, ஃபில்டர் இடத்தில் ஜிப்கூட வைத்தேன். சீலிங் பலகையைக் கழற்றி ஏற்றினால், ஒரே தள்ளில் உள்ளே போய்ச் சொகுசாகப் படுத்துக்கொண்டது. உன் அக்கா கைதட்டினாள். நான் ஏணியில் நின்றபடியே ஆர்டர் போட்டேன்.

வந்தது இரும்பு. துணிக்கு இருந்த இங்கிதம் அதற்கு இல்லை. இடம் நாலு விரற்கடை குறைவு, துணி யூனிட் அமுங்கிக் கொடுத்து என்னை ஏமாற்றியிருக்கிறது. மெக்கானிக் தள்ளினார், நான் தள்ளினேன், தன் வீட்டுச் சீலிங் விழுகிறதா என்று பார்க்க வந்த கீழ்வீட்டுக்காரரும் ஒரு கை கொடுத்தார். யூனிட்டை ஓரத்தில் கொஞ்சம் பிடித்துத் தைக்க முடியுமா என்று நான் கேட்டதை மெக்கானிக் இன்னும் ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்கிறார். யூனிட் கடைக்கே திரும்பிப் போயிற்று.

ஆகவே மச்சான், உன்னிடம் இருப்பதிலேயே ஒல்லியானதாக, பதினோரு அங்குல உயரத்துக்கு மேல் போகாததாகப் பார்த்து உடனே அனுப்பு. அவள் போய்விட்டால் எனக்கு வீடு வீடாக இருக்காது. இதை அவளிடம் சொல்லிவைக்காதே.

உன் வியாபாரம் பெருகட்டும், பிள்ளைகள் நன்றாகப் படிக்கட்டும், உன் வீட்டில் எந்தத் தட்டும் ஒழுகாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
அளவு தவறிய அத்தான்

பி.கு.: உறையை ஒட்டப்போகும் நேரத்தில், எப்படித்தான் இருக்கும் என்று பார்க்க உன் அக்கா மிஷினை அந்தக் காலி அறைக்குள் தள்ளிக்கொண்டு போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அரை மணி நேரம் மிஷின் சத்தம் மட்டும் கேட்டது. இங்கே நான் வைத்த காலர் கோணலாகப் போனது, கோணல் என்று சொல்லப் பக்கத்தில் ஆள் இல்லை. பிறகு கதவு திறந்தது.

"உள்ள உக்காந்து நான் யார்கூடச் சண்டை போடறது? கொஞ்சம் தள்ளி உக்காருங்க" என்றாள்.

அதனால் படுக்கிறது வேண்டாம். நிற்கிறதாகவே ஒன்று அனுப்பு. குண்டாக இருந்தாலும் பரவாயில்லை, அந்த அறையில் இன்னொரு ஆள் உட்கார இடம் மிஞ்சக் கூடாது.