தூங்கும் நாய் தூது போகாது

இனிமேல் மனைவியிடம் தானாக ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று மெக்கானிக் முடிவெடுத்தபோது அவர் வாயில் பல் தேய்க்கும் பிரஷ் இருந்தது. அதனால் முடிவை உரக்க அறிவிக்க முடியவில்லை. துப்பிவிட்டு வந்து அறிவித்தால் அதுவே பேசியதாக ஆகிவிடும். ஆகவே அந்த மாபெரும் முடிவு யாருக்கும் தெரியாமலே அமலுக்கு வந்தது.

காரணம் கூடத்துச் சுவரில் தொங்கியது. மனைவியின் அக்கா மகள் கல்யாணத்தில் எடுத்த குடும்பப் படம். "எல்லாரும் வாங்க" என்று படம் பிடிப்பவர் கூப்பிட்டதும், மனைவி தன் கைப்பையை இவரிடம் நீட்டி, "இதைக் கொஞ்சம் பிடிங்க" என்றாள். அதைப் பார்த்து அவள் அக்கா நீட்டினாள். அக்காவைப் பார்த்துத் தங்கை நீட்டினாள். கடைசியில், யாரென்றே தெரியாத ஓர் அம்மாளும் ஒரு பையை மாட்டிவிட்டுப் போனாள். பைகள் காய்த்த மரம் மாதிரி அவர் ஓரமாக நிற்க, படம் எடுத்து முடிந்துவிட்டது.

அந்தப் படத்தைத்தான் மனைவி சட்டம் போட்டு மாட்டினாள்.

"இதுல நான் எங்க?" என்று கேட்டார்.

"இதோ, ஓரத்துல. முழங்கை."

"முழங்கையைப் பார்த்து நான்னு யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியுதே. போதாதா?"

முழங்கை பாதிதான் விழுந்திருந்தது. அதில் தொங்கிய பை முழுசாக விழுந்திருந்தது. அதைப் பார்த்த பிறகு ஒரு மனிதனால் எப்படிப் பேச முடியும்?

மெக்கானிக் பஸ் டிப்போவில் காலம் பூராவும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனத்தாங்கல்களை ஸ்பானர்களைப் போல வைத்திருப்பார். துடைத்து, எண்ணெய் போட்டு, அளவுவாரியாக. அண்ணனோடு பேச்சில்லை, அப்பாவின் சைக்கிளை அவர் எடுத்துக்கொண்டார். டிப்போ மேலாளரோடு பேச்சில்லை. வழியனுப்பு விழாவில் இவர் பேரை மாற்றிச் சொல்லிப் பாராட்டினார். பக்கத்து வீட்டுக்காரரோடு பேச்சில்லை. அவர் வண்டியின் பின்சக்கரம் இவர் வாசலில் ஒரு சாண் நிற்கிறது. எதையும் துருப்பிடிக்க விட்டதில்லை.

மனைவியோடு பேச்சு நிற்பதும் புதிதில்லை. அந்த வீட்டில் அதற்கென்று ஒரு முறை உண்டு. கோபம் வந்தால் நேராகப் பேசக்கூடாது. நடுவில் ஓர் ஆள் வேண்டும். மகள் வீட்டில் இருந்தவரை அவள்தான் அந்த நடு ஆள். மகள் கல்யாணமாகி வெளியூர் போனதும் அந்த வேலை நாய்க்கு வந்தது. கரேலென்ற நாய். டிப்போவில் பஸ்ஸுக்கு அடியில் கிரீஸில் புரண்டு கிடந்ததை இவர்தான் தூக்கிவந்தார். பேரும் கிரீசு என்றே நிலைத்துவிட்டது.

"கிரீசு, சாப்பாடு ஆறுதுன்னு சொல்லு."

"கிரீசு, எனக்குக் காது கேக்குதுன்னு சொல்லு."

"கேக்குற காது முதல் தடவையே எந்திரிச்சு வந்திருக்கணும்னு சொல்லு."

"எந்திரிக்கிற முழங்கால் எனக்கா அவளுக்கான்னு கேளு."

நாய் இங்கே ஒரு தடவை, அங்கே ஒரு தடவை தலையைத் திருப்பும். கழுத்து வலிக்கும் வரை வேலை பார்க்கும். நாயை நடுவில் வைக்காமல் முதலில் யார் நேராகப் பேசுகிறார்களோ அவர் தோற்றவர். தோற்றவர்தான் இறங்கிவர வேண்டும். இதில் மெக்கானிக் போட்ட ஒரு துணைச்சட்டமும் உண்டு. தூங்குகிற நாயிடம் சொன்னால் அது தூதாகாது. நேராகப் பேசியதாகத்தான் கணக்கு. அப்படி ஒரு தடவை மனைவியை மடக்கி ஜெயித்திருக்கிறார். கல்யாணமான நாளிலிருந்து அவர் ஜெயித்தது அது ஒன்றுதான்.

அந்தச் சட்டத்தை வைத்துத்தான் இப்போது திட்டம் தீட்டினார். காலையில் நாயைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட வேண்டியது. கடற்கரை, வயல்வெளி என்று பொழுது சாயும்வரை ஓடவிட வேண்டியது. பகலில் அவளுக்குப் பேச நாய் இருக்காது. மாலையில் நாய் இருக்கும், முழிப்பு இருக்காது. எத்தனை நாள் தாங்குவாள்? தானாக வாயைத் திறப்பாள். படத்தைக் கழற்றுவாள்.

முதல் நாள் காலையில் பழைய ஸ்கூட்டரைத் துடைத்து, நாயை முன்னால் நிற்கவைத்தார். மனைவி தையல் மெஷினை விட்டு எழுந்து வாசலுக்கு வந்தாள். அவள் தையல்காரி. ரவிக்கை முதல் ஜன்னல் திரை வரை தைப்பாள்.

"கிரீசு, எங்க கிளம்பியாச்சுன்னு கேளு."

"கிரீசு, ஊர் சுத்தன்னு சொல்லு. வர சாயங்காலம் ஆகும்னும் சொல்லு."

"கிரீசு, வெயில் ஏறுதாம், தொப்பி போட்டுக்கச் சொல்லு. இந்தா, ரெண்டு பேருக்கும் சாப்பாடு. பெரிய டப்பா உனக்கு."

போகாதீங்க என்று ஒரு பேச்சுக்காவது சொல்லியிருக்கலாம். டப்பாவை அவ்வளவு சீக்கிரம் தயாராக்கியிருக்க வேண்டாம். அந்த வருத்தத்தோடுதான் மெக்கானிக் வண்டியைக் கிளப்பினார்.

அன்றைக்கு வயல் பக்கம் போனார். அறுவடை முடிந்து வெறும் தாள்கள் நின்றன. கண்ணுக்கு எட்டின வரை ஆள் இல்லை. வாய்க்கால் ஓரத்தில் ஒரு பம்பு மோட்டார் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. சத்தம் சரியில்லை. காதை வைத்துக் கேட்டார். பெல்ட் நழுவுகிறது. அணைத்து, பெல்ட்டை இழுத்துப் பூட்டி, மறுபடி ஓடவிட்டார். தேன் மாதிரி ஓடியது. சுற்றுமுற்றும் பார்த்தார். நாய் தன் வாலைத் துரத்திக்கொண்டிருந்தது.

"பார்த்தியா? பெல்ட்டு. எல்லாரும் மோட்டார்தான் போச்சும்பான். பெல்ட்டுதான்."

நாய் வாலைப் பிடித்துவிட்டது. அதற்குமேல் என்ன செய்வது என்று தெரியாமல் உட்கார்ந்தது.

வீட்டில் இதைச் சொல்லியிருந்தால் மனைவி துணியிலிருந்து கண்ணை எடுக்காமல் "ம்" என்றிருப்பாள். அந்த "ம்" காதில் வாங்கிச் சொன்ன "ம்" இல்லை என்று அவருக்குத் தெரியும். அதற்காக ஒரு வருஷம் கோபமாகவே இருந்திருக்கிறார். இருந்தாலும் அந்த வெட்டவெளியில், காதில் வாங்காத அந்த "ம்" ஒன்று கிடைத்தால் தேவலை என்றிருந்தது. டப்பாவைத் திறந்து சாப்பிட்டார். காற்று வந்து டப்பாவில் சுற்றியிருந்த காகிதத்தைத் தூக்கிக்கொண்டு போனது. தூரத்தில் ரயில் ஒன்று போக, யாரோ கை காட்டினார்கள். இவரும் கையைத் தூக்கினார். அதற்குள் ரயில் போய்விட்டது. தூக்கிய கையால் தலையைச் சொறிந்துகொண்டார்.

மாலையில் வீடு வந்ததும் நாய் மெஷினுக்கு அடியில் போய் விழுந்தது. நிமிஷத்தில் குறட்டை. திட்டம் பலித்துவிட்டது. மெக்கானிக் சாப்பிட உட்கார்ந்தார். மனைவி தட்டை வைத்தாள், பேசவில்லை. குழம்பு ஊற்றினாள், பேசவில்லை. முதல் வாய் வைத்ததும் தெரிந்தது: உப்பு இல்லை.

உப்பு அவள் பக்கம் இருந்தது. கேட்க வேண்டுமென்றால் நாய் எழ வேண்டும்.

"கிரீசு. டேய் கிரீசு."

நாய் மறுபக்கம் புரண்டது. மனைவி தலையைக் குனிந்து தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தோள் மட்டும் லேசாகக் குலுங்கியது. மெக்கானிக் உப்பில்லாமலே சாப்பிட்டு முடித்தார்.

இப்படியே நாட்கள் போயின. ஒரு நாள் ஆற்று மதகு, ஒரு நாள் உப்பளம், ஒரு நாள் கலங்கரை விளக்கம். நாய் மெலிந்து, பளபளவென்று ஆகிவிட்டது. மெக்கானிக் கறுத்துவிட்டார். பார்த்தது எல்லாம் தொண்டைவரை நின்றது. மதகில் பார்த்த கைகொள்ளாத ஆமை, உப்பளத்தில் வெள்ளை மண்ணில் தன் நிழலைப் பார்த்துக் குரைத்த நாய், கலங்கரை விளக்கத்தின் உச்சியில் விளக்கைச் சுழற்றும் பல்சக்கரம். யாரிடமும் இறக்கிவைக்காத சுமை. மனைவி தினமும் டப்பா கட்டிக்கொடுத்தாள்.

"கிரீசு, இன்னைக்கு எந்தப் பக்கம்னு கேளு."

"கிரீசு, படகுத்துறைன்னு சொல்லு."

"கிரீசு, அங்க பாறை வழுக்கும்னு சொல்லி வை."

"கிரீசு, எனக்கும் கால் இருக்குன்னு சொல்லு."

படகுத்துறையில் மணலில் ஏற்றிவைத்த படகுக்கு ஒருவர் சாயம் பூசிக்கொண்டிருந்தார். நாயைக் கண்டதும் தூரிகையை வைத்துவிட்டு எழுந்தார்.

"அட, கிரீசு. அண்ணே, நீங்க தையல்காரம்மா வீட்டுக்காரரா?"

"நான் மெக்கானிக்."

"அதான், தையல்காரம்மா வீட்டுக்காரரு. என் படகு மேல்விரிப்பு எல்லாம் அக்கா தைச்சதுதான். நாயையும் கூட்டிட்டு வருவாங்க. அக்கா வரலையா?"

"வரலை."

"சண்டையாண்ணே?"

"யாரு சொன்னா?"

"மூஞ்சி சொல்லுது."

மெக்கானிக் அந்த ஆளையும் மனதுக்குள் ஒரு கொக்கியில் மாட்டிவிட்டுப் பாறைகளின் மேல் ஏறி நடந்தார். நாய் தண்ணீர்ப் பக்கம் வராமல் பாறை உச்சிகளிலேயே தாவியது. கிரீசுக்குத் தண்ணீர் என்றால் எமன். குளிப்பாட்ட வாளியை நகர்த்தினாலே கட்டிலுக்கு அடியில் போய்விடும். இழுத்துவர மூன்று ஆள் வேண்டும்.

கால் இருக்கிறது என்று சொன்னாரே தவிர, அது பாசியில் நிற்கவில்லை. தொப்பி ஒரு பக்கம், டப்பா ஒரு பக்கம், தோளில் கிடந்த பை பாறை மேல், மெக்கானிக் நேராகக் கடலுக்குள். வாயில் உப்புத் தண்ணீர். கண்ணில் வானம். "ஐயோ" என்ற சத்தம் அவருடையதுதான். அடுத்த நொடி கரேலென்று ஒன்று மேலிருந்து பாய்ந்து வந்து விழுந்தது. சட்டைக் காலரைக் கவ்வியது. கால்களை உதைத்து, முனகி, கண் பிதுங்க, அவரைக் கரைக்கு இழுத்தது.

"எந்திரிச்சு நில்லுங்கண்ணே," என்று கரையிலிருந்து படகுக்காரர் கத்தினார்.

"நீச்சல் தெரியாதுப்பா."

"நிக்கத் தெரியுமில்ல. அது போதும்."

மெக்கானிக் நின்றார். தண்ணீர் முழங்காலுக்கு இருந்தது. நாய் அப்போதும் காலரை விடவில்லை.

மணலில் உட்கார்ந்து இரண்டு பேரும் நடுங்கினார்கள். நாய் அவர் மடியில் தலையை வைத்துக்கொண்டது. வாளியைக் கண்டால் ஓடுகிற பிராணி. யோசிக்கவே இல்லை. இவருக்காகக் கடலில் குதித்துவிட்டது. இதை யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும்.

பாறையில் பத்திரமாகக் கிடந்த பையிலிருந்து ஃபோனை எடுத்து மகளைக் கூப்பிட்டார்.

"அப்பா, மீட்டிங்ல இருக்கேன். அவசரமா?"

"இல்லம்மா. சும்மா."

அண்ணனுக்குச் சொல்லலாம். ஆனால் சைக்கிள். மேலாளருக்கு? வழியனுப்பு விழா. பக்கத்து வீட்டுக்காரருக்கு? பின்சக்கரம். ஒவ்வொரு கதவாக மனதில் தட்டிப் பார்த்தார். எல்லாம் அவரே உள்பக்கம் தாழ் போட்டவை. கடல் வந்து வந்து போனது. அவ்வளவு பெரிய கரையில் அவரிடம் ஒரு சேதி இருந்தது. வாங்கிக்கொள்ள ஆள் இல்லை.

திரும்பும் வழியில் நாயிடமே சொல்லிப் பழகினார். சாலை முனையில் சொன்னபோது தண்ணீர் முழங்காலளவு இருந்தது. பெட்ரோல் பங்க் தாண்டும்போது இடுப்பளவு ஆனது. தெருவுக்குள் திரும்பும்போது கழுத்து. காற்றில் சட்டை காய்ந்துவிட்டது. காய்ந்த சட்டைக்குக் கழுத்தளவு தண்ணீர்தான் நியாயமாகப் பட்டது.

வீட்டில் வெந்நீர் போட்டு வைத்திருந்தது. நாற்காலியில் உலர்ந்த துண்டும் மடிப்புக் கலையாத சட்டையும் இருந்தன. மெக்கானிக் அதையெல்லாம் கவனிக்கிற நிலையில் இல்லை. குளித்துவிட்டு ஓடிவந்தார். நாய் தூங்கிவிட்டிருந்தது.

"கிரீசு."

அசைவில்லை. பிஸ்கட் பாக்கெட்டைச் சரசரக்கவைத்தார். காது ஒன்று ஆடியது, அவ்வளவுதான். வாலைத் தூக்கிப் பார்த்தார். விட்டதும் பொத்தென்று விழுந்தது. தட்டைத் தரையில் போட்டார். மனைவி தட்டை எடுத்து வைத்துவிட்டு மறுபடி மெஷினில் உட்கார்ந்தாள். நீலத் தார்ப்பாய் ஒன்று அவள் மடியிலிருந்து தரைவரை வழிந்தது. ஊசி ஏறி இறங்கியது.

மெக்கானிக் இருமினார். எழுந்து நடந்தார். ஜன்னலைத் திறந்தார், மூடினார். தண்ணீர் குடித்தார். குடித்த தண்ணீர் உள்ளே இருந்த சேதியை இன்னும் மேலே தள்ளியது.

"இந்த நாய் இன்னைக்கு என்ன பண்ணுச்சு தெரியுமா?"

சொல்லிவிட்டார். நேராக. அவள் முகத்தைப் பார்த்து. இனிமேல் மூடி என்ன பயன்? எல்லாம் வந்தது. பாறை வந்தது, பாசி வந்தது. தண்ணீர் கழுத்துக்கு வந்தது. அலை பனைமர உயரத்துக்கு எழுந்தது. படகுக்காரர் பயந்து நிற்க, நாய் சீறிப் பாய்ந்தது. ஆமையும் வந்தது, பம்பு மோட்டாரின் பெல்ட்டும் வந்தது, பல்சக்கரமும் வந்தது. கையால் அலை காட்டினார், காலரைத் தானே பிடித்து இழுத்துக் காட்டினார். கண் கலங்கியதைத் துடைத்துக்கொள்ளவும் மறந்தார்.

மனைவி மெஷினை நிறுத்திவிட்டு, கன்னத்தில் கை வைத்து, ஒரு சொல் குறுக்கே போடாமல் கடைசிவரை கேட்டாள். முடிந்ததும் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"முழங்காலளவுன்னு படகுக்காரர் மத்தியானமே ஃபோன் பண்ணிச் சொல்லிட்டாரு," என்றாள்.