வாரண்டியில் தோற்கப் போனவன்

"உங்கள் கோரிக்கை நிராகரிக்கப்பட்டது" என்று ஆர்செனியோ கடிதத்தை வாசித்து முடித்ததும், நெஸ்டருக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. முகத்தை மட்டும் இழவு வீட்டுக்காரன்போல வைத்துக்கொண்டான்.

"கரோக்கே பெட்டிக்குள்ள ஏதோ ஊத்தியிருக்காம், பாரே. அதனால வாரண்டி செல்லாதாம்."

"அய்யோ பாவம்! சரி, விடு பாரே. போனது போகட்டும்."

"எப்படி விடுறது? ஏழு நாளைக்குள்ள நேர்ல போய் முறையிடலாம்னு கீழே போட்டிருக்கான். நான் போறேன்!"

"வேணாம் கும்பாரே," என்றாள் லூடிங் சட்டென்று. "இவரே போகட்டும்."

நெஸ்டர் மனைவியைப் பார்த்தான். அந்தப் பெட்டிமேல் இவளுக்கு எவ்வளவு ஆசை!

ஆர்செனியோ அடுத்த தெருக்காரன். நெஸ்டர் மகளின் ஞானஸ்நானத்தில் ஞானத்தகப்பனாக நின்றவன். அதனால் கும்பாரே, சுருக்கமாகப் பாரே. லிபா நகரத்தில் அது ரத்த உறவுக்கும் ஒரு படி மேல். கும்பாரேயிடம் 'வீட்டுக்கு வராதே' என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பூசை முடிந்ததும் தலையில் எண்ணெய் வழிய வந்துவிடுவான். லூடிங்கோடு ஜோடிப் பாட்டு. கண்ணை மூடிக்கொண்டே பாடுவான். 'அன்பே' என்று வரும் இடத்தில் மட்டும் கண்ணைத் திறந்து அவளைப் பார்ப்பான். பெட்டி தொண்ணூற்றெட்டு மதிப்பெண் போடும். நெஸ்டர் அவளோடு பாடினால் அறுபத்தொன்று. சாப்பாட்டில் கோழிக்கால் கும்பாரே தட்டுக்குப் போகும், கழுத்து இவன் தட்டுக்கு வரும். நெஸ்டருக்கு உடம்பெல்லாம் பற்றி எரியும்.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை, லூடிங் சந்தைக்குப் போன நேரத்தில், ஒரு குவளை காபியைப் பெட்டியின் முதுகிலிருந்த ஓட்டைகளில் ஊற்றிவிட்டு, ஒன்றும் தெரியாதவன்போல தன் ஜீப்னி வண்டியில் சவாரி ஏற்றப் போய்விட்டான். ஞாயிற்றுக்கிழமை பெட்டி வாயைத் திறக்கவில்லை. அவ்வளவு நிம்மதியாக அவன் கோழிக்கழுத்துத் தின்றதே இல்லை. ஆனால் ஆர்செனியோ விடுவானா? வாரண்டி அட்டையைத் தேடியெடுத்து, விண்ணப்பம் எழுதி, தானே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனான்.

ஆறாம் நாள் நெஸ்டர் கிளம்பினான். லூடிங் சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். "நிதானமாப் பேசு. உனக்கு மனசுல பட்டதைச் சொல்லு," என்றாள். எதற்கும் வாசல்வரை வராதவள் இன்று வாசல்வரை வந்தாள். எல்லாம் ஆர்செனியோவுக்காக என்று நினைக்க நினைக்க நெஸ்டருக்கு வயிறு எரிந்தது. தோற்றே தீர்வது என்று முடிவு செய்துகொண்டான்.

கடையில் ஜோவிலின் என்ற பெண் ஒரு படிவத்தை நீட்டினாள். முறையீட்டுக்கான காரணம் என்ற இடத்தில் நெஸ்டர் 'காரணம் எதுவும் இல்லை' என்று எழுதிக் கொடுத்தான்.

"என்ன சார் இது? எல்லாரும் நாலு பக்கம் எழுதுவாங்க."

"உங்க கம்பெனி சொன்னது சரிதான், மேடம். நான் ஒத்துக்கிறேன். பெட்டியை நீங்களே வச்சுக்குங்க."

ஜோவிலின் அவனை மேலும் கீழும் பார்த்தாள். கடைக்காரர்களைச் சோதிக்க அரசாங்கம் மாறுவேடத்தில் ஆள் அனுப்புகிறது என்று அவள் கேள்விப்பட்டிருந்தாள். மடிப்புக் கலையாத சட்டை. சண்டை போடாத வாடிக்கையாளர். அவளுக்குச் சந்தேகம் தட்டிவிட்டது.

"சார்... பெட்டி எப்படிக் கெட்டுச்சுன்னு சொல்ல முடியுமா?"

"நான்தான் கெடுத்தேன். வேணும்னே. ஒரு குவளை காபி. ரெண்டு கரண்டி சர்க்கரை போட்டது."

இதைவிட ஒரு மனிதன் எப்படித் தோற்பான்? நெஸ்டர் நாற்காலியில் சாய்ந்துகொண்டான்.

ஜோவிலின் கோப்பைப் புரட்டினாள். புரட்டப் புரட்ட முகம் வெளுத்தது. "காபியா? எங்க மெக்கானிக் மீன்சாறுன்னு எழுதியிருக்காரே! நாத்தம் தாங்கலைன்னு தனியா வேற குறிச்சிருக்காரு."

"மீன்சாறா? என் வீட்டுல அதைக் கஞ்சிக்குத்தான் ஊத்துவோம். நான் ஊத்துனது காபி. மாதாமேல சத்தியம்."

அவள் உள்ளே ஓடினாள். மேலாளர் வியர்த்துக்கொண்டே வெளியே வந்தார்.

"மன்னிக்கணும் சார். வேற யாரோட பெட்டியையோ பாத்துட்டு உங்களுதைத் தள்ளுபடி பண்ணிட்டாங்க. இதை நீங்க மேல எழுதினா எங்க கடையையே மூடிடுவாங்க. உங்களுக்குப் புதுசே கொடுத்துடறோம்."

நெஸ்டர் பதறி எழுந்தான். "புதுசா? எனக்கு வேண்டாம்!"

"புரியுது சார். அதே மாடல் வேண்டாம். பெருசு தரோம். பத்தாயிரம் பாட்டு, கம்பியில்லாத ரெண்டு மைக்."

"ரெண்டு மைக்கா? ரெண்டு மைக் வேண்டவே வேண்டாம்!"

மேலாளர் ஜோவிலினைப் பார்த்தார். ஜோவிலின் மேலாளரைப் பார்த்தாள்.

"சரி சார். மூணு."

"யோவ், காபி ஊத்துனது நான்! வேணும்னே ஊத்துனேன்! என் பெண்டாட்டி அடுத்தவனோட பாடுறதைப் பாக்கச் சகிக்காம ஊத்துனேன்!"

"இவ்வளவு நேர்மையான மனுஷனை நான் பாத்ததே இல்லை," என்று மேலாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கடைச் சிப்பந்திகள் எல்லோரும் கை தட்டினார்கள். இரண்டு பேர் பெட்டியை வண்டியில் ஏற்றினார்கள். இன்னும் இரண்டு பேர் நெஸ்டரையும் ஏற்றினார்கள்.

வண்டி தெருவில் திரும்பும்போதே ஆர்செனியோ வாசலில் நின்றுகொண்டிருந்தான். தலையில் புது எண்ணெய்.

"ஜெயிச்சிட்டியா பாரே! நீ சிங்கம்டா!" என்று நெஸ்டரைக் கட்டிப்பிடித்துவிட்டு நேரே பெட்டியிடம் போனான். "இனிமே ஞாயித்துக்கிழமை மட்டும் போதாது. புதன்கிழமையும் வந்துடறேன்!"

நெஸ்டர் காலை இழுத்துக்கொண்டு சமையற்கட்டுக்குப் போனான். லூடிங் அடுப்புப் பக்கம் திரும்பி நின்றிருந்தாள். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது.

"ஆனந்தக் கண்ணீரா?" என்றான் கசப்பாக. "போ, போய்ப் பாடு. மூணு மைக் இருக்கு. உனக்காகத்தானே ஜெயிச்சிட்டு வந்தேன்."

கூடத்தில் ஆர்செனியோ, "அன்பே... அன்பே..." என்று மைக்கைச் சோதித்துக்கொண்டிருந்தான்.

லூடிங் கரண்டியைக் கீழே போட்டுவிட்டு அவன் சட்டையைப் பிடித்தாள். "ஏன்யா, எந்தக் கடையிலயும் ஒரு தடவைகூட ஜெயிக்காத ஆளாச்சேன்னுதானே உன்னை அனுப்பினேன்? பெட்டி முதுகுல கறையைப் பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு, ஆனா நீ ஊத்துன காபி சாயங்காலத்துக்குள்ள காஞ்சுபோய் அந்தச் சனியன் நல்லாத்தான் பாடிக்கிட்டிருந்துச்சு. ஒரு புட்டி மீன்சாறை ஊத்தி அதைக் கொன்னது நான்!"